கிணற்றடியில் தொடங்கும் பாடம்: கண்டியில் பொதுச் சுகாதாரம் கற்பவர்கள் களத்தில் பெறவேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண்சரிவும் வெள்ளமும் உயிர்களைப் பறித்தன, வீடுகளைப் புதைத்தன. இப்படியான ஓர் அனர்த்தம் நடந்து முடிந்த பின்னர், செய்திகளில் அதிகம் பேசப்படாத வேறொரு வேலை தொடங்குகிறது. சேறு புகுந்த கிணறுகளை இறைக்க வேண்டும். தண்ணீருக்குக் குளோரின் இட வேண்டும். மக்கள் தங்கியிருக்கும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் மலசலகூடம் போதுமா என்று பார்க்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றோட்டம் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுப் பதிய வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், சுகாதார வைத்திய அதிகாரிகள். அவர்கள் இதை எங்கே கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பது அவர்களுடைய தொழில் சார்ந்த கேள்வி மட்டுமல்ல. அடுத்த வெள்ளத்தின்போது நம் வீட்டுக் கிணற்றடிக்கு வரப்போகிறவர் என்ன தெரிந்தவராக இருப்பார் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கணக்கு சரி, கிணறு வேறு

கிணற்று நீருக்குக் குளோரின் இடும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வகுப்பறையில் இது ஒரு சிறிய கணக்கு. கிணற்றின் விட்டம் 2 மீற்றர், நீரின் ஆழம் 3 மீற்றர் என்றால், அதில் ஏறக்குறைய 9,400 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. இத்தனை லீற்றருக்கு இத்தனை கிராம் குளோரின் தூள் என்று பெருக்கினால் விடை வந்துவிடும். பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் அந்த மாணவரை ஒரு கிணற்றடிக்கு அழைத்துச் சென்றால் நிலைமை மாறுகிறது. கிணறு வட்டமாக இல்லை. அடியில் பாறை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆழத்தை அளக்கக் கயிறும் கல்லும்தான் இருக்கின்றன. குளோரின் தூள் மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. காற்றும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும். தண்ணீர் கலங்கியிருந்தால் சேறே குளோரினின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே தூளைக் கரைத்து ஊற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அரை மணி நேரமாவது காத்திருந்து, நீரில் எஞ்சியுள்ள குளோரினின் அளவைச் சோதித்துப் பார்த்த பின்னரே தண்ணீரைப் பயன்படுத்தலாம் என்று சொல்ல முடியும்.

கிணற்றுக்குப் பதிலாக ஊற்று நீராக இருந்தால் இன்னொரு சிக்கல். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இட்ட குளோரினும் அதனுடன் போய்விடும். இடையில் ஒரு தாங்கி வைத்து நீரைத் தேக்கினால்தான் பயனுண்டு. மேலே சரிவில் யாருடைய மலசலகூடக் குழி இருக்கிறது என்பதையும் ஏறிப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் மாணவருக்குத் தெரியாத விஞ்ஞானம் அல்ல. ஆனால் தெரிந்ததை இந்த இடத்தில், கையிலிருக்கும் பொருளை வைத்து, பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு விளங்கும் வகையில் செய்து முடிப்பது வேறொரு திறன்.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் 1990இல் இந்த வேறுபாட்டை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதற்படி, விடயத்தை அறிந்திருத்தல். இரண்டாவது, எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல். மூன்றாவது, கண்காணிப்பவரின் முன் செய்து காட்டுதல். நான்காவது, உண்மையான வேலையில் தானாகவே செய்தல். எழுத்துப் பரீட்சை முதல் இரண்டு படிகளைத்தான் அளக்கிறது. பொதுமக்களுக்குக் கிடைப்பதோ நான்காவது படி.

களத்தில் கற்பிப்பது இலங்கைக்குப் புதிதல்ல

இலங்கையின் பொதுச் சுகாதார சேவையே களத்தை மையமாக வைத்து உருவானது. 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஓர் எல்லைக்குட்பட்ட பிரதேசம், அங்கே வாழும் மக்களுக்குப் பொறுப்பான ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகச் செல்லும் பரிசோதகர்களும் மருத்துவிச்சிகளும் என்ற அமைப்பு அங்கிருந்துதான் பரவியது. இன்று நாட்டில் 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. களுத்துறையில் இயங்கும் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இன்றும் களப் பயிற்சியின் மைய நிலையமாக இருக்கிறது.

1934, 1935இல் பரவிய மலேரியா இந்தக் கள அறிவு ஏன் தேவை என்பதை மிகக் கொடூரமாக உணர்த்தியது. அவ்வாண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளில் பெருகியது. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்கள் உள்ளிட்ட பகுதிகளில் ஏறக்குறைய 80,000 பேர் மடிந்தனர். ஆற்றைப் பார்த்து நோயை எதிர்பார்க்கத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்க வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. இரத்த மாதிரி எடுத்து, நோயாளியின் வீட்டைத் தேடிப்போய், நுளம்பு பெருகும் இடத்தைக் கண்டறிந்து பல பத்தாண்டுகள் செய்த வேலையின் முடிவில், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

கண்டிப் பகுதியில் இந்தக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. அங்கே சமூக மருத்துவம் ஒரு முக்கிய பாடம். கடுகண்ணாவையிலுள்ள பிராந்தியப் பயிற்சி நிலையம் கள உத்தியோகத்தர்களைப் பயிற்றுவிக்கிறது.

பேராதனை பற்றிப் பேசும்போது சேனக பிபிலேயை மறக்க முடியாது. மருந்துக் கொள்கைக்காகவே அவரை உலகம் அறியும். ஆனால் கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான அவர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தபோது இன்னொரு காரியத்திலும் முனைப்புக் காட்டினார். கற்பிப்பவர்களுக்குக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே அது. 1970களின் முற்பகுதியில் அங்கே உருவான மருத்துவக் கல்விப் பிரிவு ஆசியாவின் முன்னோடிகளில் ஒன்று. பாடத்தை நன்கு அறிந்தவர் எல்லோரும் அதை நன்கு கற்பிப்பவர் அல்லர் என்ற அந்தப் புரிதல், களப் பயிற்சிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

எண்ணத் தெரிவதும் எண்ணியதைப் படிக்கத் தெரிவதும்

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி இன்றும் டெங்கு அபாயமுள்ள மாவட்டம். ஆகவே இங்கே பயிலும் எந்த மாணவரும் நுளம்புக் குடம்பி தேடிச் செல்வது வழமை.

இந்தப் பயிற்சியை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒரு முறையில், மாணவர்கள் கூட்டமாகப் போவார்கள். பரிசோதகர் டோர்ச் அடித்துக் காட்டுவார். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து விழும். மற்றைய முறையில், இருவருக்கு ஒரு தெரு என்று பிரித்துக் கொடுக்கப்படும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது முதல் அறிக்கை எழுதுவது வரை அவர்களே செய்ய வேண்டும்.

பயிற்சிக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். இருவரும் 50 வீடுகளைப் பார்க்கிறார்கள். தண்ணீர் தேங்கிய 200 கொள்கலன்கள் கிடைக்கின்றன. 6 வீடுகளில், 9 கொள்கலன்களில் குடம்பி இருக்கிறது. வீட்டுச் சுட்டி 12 சதவீதம். கொள்கலன் சுட்டி 4.5 சதவீதம். நூறு வீடுகளுக்கு எத்தனை கொள்கலன்களில் குடம்பி என்று சொல்லும் பிரெட்டோ சுட்டி 18. இது வரைக்கும் கணக்கு.

இதற்குப் பிறகுதான் பயிற்றுநரின் கேள்வி தொடங்க வேண்டும். ஒன்பதும் எந்த வகைக் கொள்கலன்கள்? கூரைப் பீலிகளா, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டா, பழைய டயரா, பூச்சாடியா? கூரைப் பீலி என்றால் ஏணி வேண்டும். வயதானவர் தனியாக வாழும் வீட்டில் அவரால் ஏற முடியாது. தண்ணீர்ப் பீப்பாய் என்றால், குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராததால்தான் மக்கள் சேமிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அப்படியானால் குற்றப்பத்திரம் கொடுப்பதா, நீர் வழங்கல் பற்றி எழுதுவதா? பூட்டிய வீடுகள் எத்தனை? அவற்றைக் கணக்கில் சேர்த்தீர்களா? நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வழக்குத் தொடரும் அதிகாரத்தைத் தருகிறது. அதை எப்போது பயன்படுத்துவது, எப்போது பயன்படுத்தாமல் இருப்பது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

ஒரே நாள் களத்தில் போய் வந்து, மறுநாள் இந்தக் கேள்விகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், அந்த மாணவர் ஒரு வருட விரிவுரையில் பெறாததைப் பெறுவார். பேசாமல் விட்டால், நடந்த களைப்பு மட்டுமே எஞ்சும்.

பீலி என்றால் என்ன?

மேலே கூரைப் பீலி என்று எழுதினேன். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை பக்கத்துத் தோட்டங்களில் ‘பீலி’ என்றால் மக்கள் முதலில் நினைப்பது தண்ணீர் பிடிக்கும், குளிக்கும் இடத்தை. கழிவு நீர் ஓடுவது ‘கான்’. வீட்டு முன்திண்ணை ‘இஸ்தோப்பு’. அறை ‘காம்பரா’. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ‘பிள்ளைக்காம்பரா’. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் ‘பெரட்டுக்களம்’.

இந்தச் சொற்களை ஏன் இங்கே வரிசைப்படுத்துகிறேன்? பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் சுகாதார விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. சிங்கள மாணவர் தோட்டத்துக்கு வந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த தமிழ் மாணவருக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ‘உங்கள் நீர்மூலம் எது, வடிகால் வசதி உண்டா’ என்று அவர் கேட்டால், எதிரே நிற்கும் அம்மா மரியாதைக்காகத் தலையாட்டுவார். வினாக்கொத்தில் ‘ஆம்’ என்று ஒரு குறி விழும். அது பிழையான தரவு என்பது கொழும்பில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நேரமும் ஒரு பாடம். காலை பத்து மணிக்கு லயனுக்குப் போனால் முதியவர்களும் சிறு பிள்ளைகளும்தான் இருப்பார்கள். கர்ப்பிணித் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். அவரைச் சந்திக்க வேண்டுமானால் கொழுந்து நிறுக்கும் நேரமும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். சந்தித்தாலும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், மாமியாரும் கணவரின் தம்பியும் இருக்கும்போது, குடும்பக் கட்டுப்பாடு பற்றி எப்படிக் கேட்பது? பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் எப்படிப் பேசுவது? அனுபவமுள்ள குடும்ப நல உத்தியோகத்தர் இதற்கு வழி வைத்திருப்பார். பிள்ளையின் நிறையைப் பார்க்க வேண்டும் என்று தாயை இஸ்தோப்புக்கு அழைப்பார். அல்லது சேர்ந்து பீலிக்கரை வரை நடப்பார். இதை எந்தப் பாடநூலும் எழுதவில்லை. அவருடன் நடந்து பார்த்த மாணவருக்குத்தான் தெரியும்.

சட்டமும் இதைக் கோருகிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின்னர் தமிழும் அரச கரும மொழி. 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் சேர்பவர்கள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று அரசாங்கச் சுற்றறிக்கை சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தமிழர் அல்லது முஸ்லிம். இங்கே பயிலும் பொதுச் சுகாதார மாணவருக்கு மொழியைத் தனிப் பாடமாக வைப்பதைவிட, ஊசி போடுவதைப் போல, நிறை பார்ப்பதைப் போல, செய்து காட்ட வேண்டிய ஒரு தொழில் திறனாக வைப்பதே பொருத்தம்.

மொழி தெரிந்தாலும் நம்பிக்கை தானாக வந்துவிடாது. 2020 மார்ச் இறுதியில், கொரோனா நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டதை அடுத்து அக்குறணை முடக்கப்பட்டது. அதற்குப் பின்னர் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கும் கொள்கை, 2021 பெப்ரவரி வரை நீடித்து, முஸ்லிம் மக்களின் மனதில் ஆழமான காயத்தை விட்டுச் சென்றது. அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் வீடு வீடாகப் போகவில்லை. போனவர்கள் கள உத்தியோகத்தர்கள். வாசற்கதவு ஏன் தயங்கித் திறக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, அந்த ஊரின் அண்மைய வரலாறும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு முகவரியின் பெறுமதி

படிவம் நிரப்புவது சலிப்பான வேலை என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நோய்க் கண்காணிப்பு முழுவதும் சில படிவங்களில்தான் நிற்கிறது. அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகித்ததுமே வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தை அனுப்புகிறார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அது பதிவாகிறது. பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து 411ஆம் இலக்கப் படிவத்தை எழுதுகிறார். வாராந்த அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது.

இந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் ஒரு சிறிய இடத்தில். படிவத்தில் நோயாளியின் முகவரியாகத் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். ஒரு தோட்டத்தில் பல பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் பல லயன்கள். ஒரே பெயரில் பலர். தனி வீட்டு முகவரி இல்லாமை மலையக மக்களின் நீண்டகாலப் பிரச்சினை. கடிதம் வராமல் போவது பற்றி நாம் பேசியிருக்கிறோம். பரிசோதகரும் வராமல் போகலாம் என்பதைப் பற்றிப் பேசியதில்லை. வார்ட்டில் நோயாளியிடம் ‘எந்த டிவிசன், எத்தனையாம் லயன், எத்தனையாவது காம்பரா’ என்று கேட்டு எழுதப் பழகிய மாணவர், ஒரு வீட்டாரை அடுத்த நோயிலிருந்து காப்பாற்றலாம்.

எலிக்காய்ச்சலும் அப்படியே. 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட அந்நோயில், ‘தொழில் என்ன’ என்ற கேள்வி மட்டும் போதாது. சாரதி என்று சொல்பவர் ஞாயிற்றுக்கிழமை வயலில் இறங்கியிருக்கலாம். வெள்ளத்துக்குப் பின் வீட்டுக் கானைச் சுத்தம் செய்திருக்கலாம். சேற்றில் கால் வைத்தீர்களா, காலில் காயம் இருந்ததா என்று கேட்கத் தெரிந்தால்தான், அந்தப் பகுதி மக்களுக்கு வைத்திய அதிகாரியின் ஆலோசனையுடன் தடுப்பு மாத்திரை வழங்கும் தீர்மானம் நேரத்துக்கு எடுக்கப்படும்.

களப் பயிற்சி எங்கே வீணாகிறது

களத்துக்கு அனுப்பினால் மட்டும் திறன் வந்துவிடாது. கூட்டமாகப் போய்ப் பார்த்து வருவதும், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்வதும் பயிற்சி அல்ல. மேற்பார்வை செய்யும் பரிசோதகருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் ஏற்கெனவே வேலை நிறைய. மாணவரைக் கவனித்துத் திருத்துவதற்கு நேரமும், கற்பிக்கும் பயிற்சியும், அங்கீகாரமும் கொடுக்காமல், அவர் தலையில் மாணவர்களைக் கட்டிவிடுவது இரு தரப்புக்கும் நீதியல்ல.

இன்னொரு அநீதியும் உண்டு. ஒரே லயனுக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள், அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள். மலசலகூடம் அப்படியே இருக்கிறது. மக்கள் பாடப்பொருளாக மட்டும் பயன்படும் கல்வி, மாணவருக்கும் ஒரு பிழையான பாடத்தையே சொல்லிக் கொடுக்கிறது: கேட்பது நம் வேலை, அதற்குப் பின் என்ன ஆனாலும் நமக்கென்ன என்ற பாடம்.

இதைச் சரிசெய்யப் பெரும் நிதி தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் பயிற்சி முடிவதற்குள் தனியாகச் செய்து காட்ட வேண்டிய வேலைகளைச் சிறு பட்டியலாக வரையறுக்கலாம்: ஒரு கிணற்றுக்குக் குளோரின் இட்டுச் சோதித்தல், ஒரு குழந்தையின் நிறையை எடுத்து வளர்ச்சி வரைபடத்தைத் தாய்க்கு அவரது மொழியில் விளக்குதல், ஒரு நோயாளியின் வீட்டைத் தேடிப்போய் விசாரித்தல், ஒரு சாப்பாட்டுக் கடையை 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி பரிசோதித்துக் கடைக்காரருடன் பேசுதல். ஒவ்வொன்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, எது சரி, எது பிழை என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். கண்டெடுத்ததை மாணவர்கள் அந்த மக்களிடமே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். தோட்ட முகாமையாளருக்கோ பிரதேச சபைக்கோ ஒரு பக்கக் கடிதமாவது எழுதி, பதில் வந்ததா என்று அடுத்த அணி மாணவர்கள் பின்தொடர வேண்டும்.

அப்படி ஓர் அணி எழுதிய கடிதத்தால் ஒரு லயனுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கிடைத்தால், அந்த மாணவர்கள் கற்றது குளோரின் கணக்கு மட்டுமாக இருக்காது. கிடைக்காவிட்டாலும், யாரிடம் கேட்க வேண்டும், எங்கே கோப்பு தேங்குகிறது என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். சில வருடங்களில் அந்த மேசைக்குப் பின்னால் அமரப்போகிறவர்களும் அவர்கள்தானே.